கடையின் சர்வர் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்றலாமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்தின் (முன்பு போர்ட் பிளேயர்) டெலானிபூர், அபர்டீன் பஜார், ஜங்லிகாட் பகுதிகளில் இருப்பது போன்ற மருந்துக் கடைகள், தங்கும் விடுதிகள், மொத்த வியாபாரக் கடைகளில் பெரும்பாலும் ஒரே மாதிரி ஏற்பாடுதான். பில் போட இரண்டு மூன்று கணினிகள் இருக்கும். உள்ளறையில், ‘இதை யாரும் ஆஃப் பண்ணாதீர்கள்’ என்று சொல்லி வைத்த ஒரு டெஸ்க்டாப் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் பாக்கி, சரக்கு இருப்பு, ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கும். அதில் ஓடுவது விண்டோஸ் 10 என்றால், அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதையொட்டி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

எங்களிடம் இருப்பது சாதாரண டெஸ்க்டாப். அதைச் சர்வர் என்று சொல்லலாமா?

சொல்லலாம். மற்ற கணினிகள் எந்தக் கணினியிலிருந்து ஃபைலையோ கணக்கையோ பிரிண்டரையோ எடுத்துப் பயன்படுத்துகின்றனவோ, அதுதான் சர்வர். டேலி மென்பொருளின் டேட்டா ஃபோல்டரை ‘ஷேர்’ செய்து, லேன் வழியாக நான்கு பேர் வேலை பார்த்தாலே அது சர்வர் வேலை செய்கிறது என்று அர்த்தம். மைக்ரோசாஃப்ட்டின் உரிம விதிப்படி, சாதாரண விண்டோஸ் கணினியில் இருக்கும் ஃபைல், பிரிண்டர் சேவையை 20 கருவிகள் வரை பயன்படுத்தலாம். சிறு கடைக்கு இது தாராளம். அதற்கு மேல் போகும் நிறுவனங்களுக்குத்தான் ‘விண்டோஸ் சர்வர்’ என்ற தனிப் பதிப்பு தேவை.

விண்டோஸ் 10 நன்றாகத்தானே ஓடுகிறது? எதற்கு மாற்ற வேண்டும்?

அக்டோபர் 14-க்குப் பிறகும் ஓடும், நின்றுபோகாது. ஆனால் அதற்குப் பின் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. இதன் விளைவு என்ன என்பதை 2017-இல் உலகமே பார்த்தது. விண்டோஸ் கணினிகள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் எஸ்எம்பி முறையில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டது. அதைப் போடாத கணினிகளில் மே 12-ஆம் தேதி ‘வான்னாகிரை’ வைரஸ் புகுந்தது. சுமார் 150 நாடுகளில் ஃபைல்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் தடுமாறின. இந்தியாவில் ஆந்திரக் காவல் துறையின் சில கணினிகளும், கேரளத்தில் சில ஊராட்சி அலுவலகக் கணினிகளும் சிக்கின. அடிபட்டவற்றில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளே.

எங்கள் சர்வரில் இணையமே கிடையாது. லேன் மட்டும்தான். எங்களுக்கும் ஆபத்தா?

ஆபத்து குறையும், போய்விடாது. வான்னாகிரை ஒரு கணினிக்குள் நுழைந்தபின் மற்ற கணினிகளுக்கு லேன் வழியாகவும் பரவியது. பில் போடும் கணினிகளில் ஒன்றில் வாட்ஸ்அப் வெப், மின்னஞ்சல், ஜிஎஸ்டி தளம் ஏதாவது திறக்கிறீர்கள் என்றால், இணையம் உங்கள் லேனுக்குள் வந்துவிட்டது. ஊழியர் கொண்டுவரும் பென்டிரைவும் ஒரு வழிதான்.

எங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா?

64 பிட் பிராசஸர், குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். பிராசஸர் பொதுவாக இன்டெலின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ, ஏஎம்டி என்றால் ரைஸன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலியைப் போட்டுப் பார்த்தால் எது குறைகிறது என்று அதுவே சொல்லும்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பல கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கினால் போதும். இன்னொன்று, பழைய பில்லிங் மென்பொருளுக்காக 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் நேரடி அப்கிரேடு நடக்காது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே இல்லை. எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும்.

உண்மையான உரிமம் உள்ள விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறக் கட்டணம் இல்லை.

ஏற்காவிட்டால் என்ன செய்வது?

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அவகாசம் வாங்குவது. தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் இருக்கிறது. நிறுவனங்களுக்கான திட்டம் மூன்று ஆண்டுகள் வரை போகும். ஆனால் ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு அது இரட்டிப்பு. நிறுவன டொமைனில் இணைத்த கணினிக்குத் தனிநபர் திட்டம் பொருந்தாது.

இரண்டாவது, லினக்ஸ். ஃபைல்களைப் பகிரும் வேலை மட்டும்தான் என்றால், அதே பழைய கணினியில் உபுண்டு போட்டு, ‘சாம்பா’ மென்பொருள் வழியாக ஃபோல்டரைப் பகிரலாம். 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04 போன்ற நீண்ட காலப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் இலவச அப்டேட் உண்டு. உங்கள் கணக்கு மென்பொருள் சர்வர் கணினியிலேயே ஓட வேண்டியது என்றால், அதை விற்றவரைக் கேட்காமல் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

மூன்றாவது, புதிய கணினி. எட்டு, பத்து ஆண்டு ஓடிய ஹார்டுடிஸ்க்கில் கடையின் கணக்கு முழுவதும் இருக்கிறது என்றால், இதுவே சரியான வழி. தகுதிச் சோதனையைத் தந்திரமாகத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சர்வர் கணினிக்கு அதை ஏற்காதீர்கள். அப்படிப் போட்ட கணினிக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்ற உறுதி இல்லை.

மாற்றும்போது கணக்கு அழிந்துவிடுமா?

பழைய விண்டோஸின் மேலேயே அப்கிரேடு செய்தால் ஃபைல்கள், மென்பொருள்கள், ஷேர் செய்த ஃபோல்டர்கள் எல்லாம் பொதுவாக அப்படியே இருக்கும். ‘ஃபார்மட்’ செய்து புதிதாகப் போட்டால் எதுவும் இருக்காது. எந்த முறை என்று சர்வீஸ் செய்பவரிடம் முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ‘பொதுவாக’ என்ற சொல்லை நம்பிக் கடையின் கணக்கை ஒப்படைக்க முடியாது. பாதி அப்கிரேடில் மின்சாரம் போகலாம். பழைய டிஸ்க் அந்த நேரம் பார்த்துச் செயலிழக்கலாம். அதனால் பேக்கப் எடுக்காமல் தொடவே கூடாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது:

முதலில் எல்லாக் கணினிகளிலும் கணக்கு மென்பொருளை மூடச் சொல்லுங்கள். யாராவது பில் போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்த நகல் பழுதாக இருக்கக்கூடும்.

பிறகு டேட்டா ஃபோல்டரை எக்ஸ்டெர்னல் ஹார்டுடிஸ்க்கில் நகல் எடுங்கள். மென்பொருளுக்கென்று பேக்கப் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். உரிம எண், பாஸ்வேர்டுகள், ஷேர் ஃபோல்டர்களின் பெயர்கள், ஐபி எண் ஆகியவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியும் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம், பலரும் விட்டுவிடுவதும் இதையே. அந்த நகலை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, நேற்றைய கடைசி பில், ஒரு வாடிக்கையாளரின் பாக்கி, சரக்கு இருப்பு மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஹார்டுடிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால், ஃபைல்களைப் பூட்டும் வைரஸ் அதையும் பூட்டிவிடும். ஒரு நகல் கடைக்கு வெளியே, வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும். 2004 டிசம்பர் 26-இன் சுனாமியைக் கண்ட தீவுகளில் இதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை.

டேலியையும் அன்றே புதிய பதிப்புக்கு மாற்றிவிடலாமா?

வேண்டாம். விண்டோஸ் அப்கிரேடு வேறு, கணக்கு மென்பொருள் அப்கிரேடு வேறு. இரண்டையும் ஒரே நாளில் செய்தால், ஏதாவது கெட்டுப்போகும்போது எதனால் என்று கண்டுபிடிப்பது கடினம். குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுங்கள்.

பழைய டேலி டேட்டாவை டேலி பிரைம் 3.0-க்கோ அதற்குப் பிந்தையதற்கோ கொண்டுபோகும்போது அது புதிய வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. மாற்றிய டேட்டாவைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஆகவே மாற்றும் முன் எடுத்த நகலைத் தனியாகப் பாதுகாத்து வையுங்கள். லேனில் உள்ள எல்லாக் கணினிகளிலும் ஒரே பதிப்பு இருப்பதையும் உறுதி செய்யுங்கள்.

அப்கிரேடு முடிந்தது. ஆனால் மற்ற கணினிகளில் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை. ஏன்?

பலரும் திணறும் இடம் இதுதான். கடைகளில் வசதிக்காகப் பாஸ்வேர்டு இல்லாமல் ஃபோல்டரைத் திறந்து வைப்பார்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புரோ பதிப்புகளில் அந்த ‘கெஸ்ட்’ நுழைவு நிறுத்தப்பட்டுவிட்டது. அனுப்புபவர் யார் என்று ஒவ்வொரு தொடர்பிலும் உறுதி செய்யும் ‘எஸ்எம்பி சைனிங்’ கட்டாயமாகியும் விட்டது. அதனால் பாஸ்வேர்டில்லாத ஷேர், நெட்வொர்க்கில் இணைத்த பழைய சேமிப்புப் பெட்டி (நாஸ்), ஃபோல்டருக்கு ஸ்கேன் அனுப்பும் பழைய பிரிண்டர் ஆகியவை திடீரென்று நின்றுபோகலாம். கணக்கு அழியவில்லை, கதவுக்குப் பூட்டு போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சர்வர் கணினியில் ஒவ்வொரு ஊழியருக்கும் பாஸ்வேர்டுடன் ஒரு பயனர் கணக்கு உருவாக்குங்கள். ஷேர் ஃபோல்டரில் அவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பில் போடும் கணினிகளில் அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒருமுறை பதிந்தால் போதும். நெட்வொர்க் ‘பிரைவேட்’ என்று இருக்கிறதா, சர்வர் தூங்கிப்போகும் ‘ஸ்லீப்’ வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரிசெய்ய வருபவர் பழைய எஸ்எம்பி 1 முறையை மீண்டும் இயக்கலாம் என்றால் மறுத்துவிடுங்கள். வான்னாகிரை நுழைந்த வழி அது.

டவுன்லோடு செய்ய நம் தீவின் நெட் தாங்குமா?

விண்டோஸ் 11 சில ஜிபி அளவு உள்ளது. செயற்கைக்கோளை நம்பியிருந்த காலத்தில் இதை நினைத்திருக்கவே முடியாது. 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையிலான கடலடிக் கேபிள் தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கேபிள் ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட இடங்களையும் இணைக்கிறது. ஸ்ரீ விஜயபுரத்தில் ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்குச் சிக்கல் இருக்காது. தொலைவிலுள்ள தீவுகளில் கடை வைத்திருப்பவர்கள், நகரத்துக்கு வரும்போது ‘மீடியா கிரியேஷன் டூல்’ மூலம் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போகலாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். யாரோ தரும் நகல் வேண்டாம்.

எந்த நாளில் செய்வது நல்லது?

ஜிஎஸ்டிஆர்-1-க்கான 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கான 20-ஆம் தேதி, மார்ச் மாத இறுதி ஆகியவற்றை ஒட்டித் தொடாதீர்கள். விடுதி நடத்துபவர்கள் சுற்றுலாக் கூட்டம் உள்ள மாதங்களைத் தவிர்க்கலாம். வார விடுமுறைக்கு முந்தைய மாலை பொருத்தமானது. யுபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்று முதல்நாளே சோதித்துவிடுங்கள்.

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ டிஸ்க் பழுதானால் அன்று மாலையே கடைத்தெருவில் வாங்கிவிடலாம். இங்கே அந்தப் பாகம் ஊரில் இல்லையென்றால், சென்னையிலிருந்து கப்பலில் வர மூன்று நாள் ஆகும். புயல் காலத்தில் இன்னும் தாமதமாகும். எனவே உதிரி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

பிடிக்கவில்லை என்றால் விண்டோஸ் 10-க்குத் திரும்பலாமா?

பத்து நாட்களுக்குள் ‘கோ பேக்’ வசதி மூலம் திரும்பலாம். ‘டிஸ்க் கிளீனப்’ செய்து பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். அதனால் முதல் பத்து நாள் அதைத் தொடாதீர்கள். எல்லாப் பில்லும், எல்லா ரிப்போர்ட்டும், எல்லாப் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று அந்த நாட்களிலேயே சோதித்து முடியுங்கள்.

எங்களிடம் உண்மையான விண்டோஸ் சர்வர்தான் இருக்கிறது. எங்களுக்கு?

2012, 2012 ஆர்2 பதிப்புகளுக்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியே முடிந்துவிட்டது. 2016 பதிப்புக்கு 2027 ஜனவரி 12 கடைசி நாள். 2024 நவம்பரில் வந்த விண்டோஸ் சர்வர் 2025-க்கு, 2012 ஆர்2-இலிருந்தே ஒரே தாவலில் வரலாம். ஆனால் பத்து நாளில் திரும்பும் வசதி இதில் கிடையாது. முழு டிஸ்க்கின் நகல் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

அப்கிரேடு செய்யலாமா என்றால், செய்துதான் ஆக வேண்டும், தள்ளிப்போடுவது நல்லதல்ல. ஆனால் நாள் குறிக்கும் முன், இந்த வாரமே உங்கள் கணக்கை ஒரு ஹார்டுடிஸ்க்கில் எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். நேற்றைய பில் அதில் சரியாக வந்துவிட்டால், பயமில்லாமல் நாள் குறிக்கலாம்.