விவரம் தெரியாத பிள்ளை சொல்லும் கதை

பனச்சமூட்டுச் சந்தையில் தமிழும் மலையாளமும் ஒரே நாக்கில் புரளும். அங்கே டீக்கடை பெஞ்சில், கதை எழுத ஆசைப்படும் தம்பி ஒருவர் கேட்டார்: "ஒண்ணும் அறியாத பிள்ளை கதை சொன்னா, வாசிக்கிறவனுக்கு மட்டும் எப்படி எல்லாம் புரியும்?"

சொல்ற பிள்ளை விளக்கம் தராததனாலதான் புரியுது மக்கா.

அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கதைசொல்லி ஒரு சிறுமி, நிறம் கறுப்பு. அம்மா ஊரில் இல்லாத நேரத்தில் வயதுக்கு வந்துவிடுகிறாள். என்ன நடந்தது என்று வீட்டில் ஒருவரும் அவளுக்குப் புரியும்படி சொல்வதில்லை. அம்மா வந்து சொல்வாள் என்று காத்திருக்கிறாள். அம்மா போயிருப்பதோ உறவுக்காரப் பெண்ணைப் பெண்பார்க்க வரும் இடத்துக்கு. கறுப்பு என்று அந்தப் பெண்ணை வேண்டாமென்கிறார்கள். திரும்பி வந்த அம்மா மகளை அணைத்துக்கொள்ளவில்லை. இன்னொரு பாரம் சேர்ந்துவிட்டது என்பதுபோல அலுத்துக்கொள்கிறாள். கல்யாணச் சந்தை, நிறம், ஒரு தாயின் பயம் என்று சிறுமி எதையும் அலசுவதில்லை. அம்மா இப்படிச் சொல்லிவிட்டாளே என்று திகைக்கிறாள், அவ்வளவுதான். மிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பது நாம். கூட்டிப் பார்த்தபின் அந்தத் தாயை வெறுக்கவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது. தமிழில் இந்த உத்தியின் உச்சம் இந்தச் சிறிய கதைதான் என்பேன்.

நம் பக்கத்து இரணியலில் நடக்கும் நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' (1968) 'நான்' என்று சொல்லப்படும் நாவல் அல்ல. ஆனாலும் அதன் நாயகன் திரவியின் பார்வையை ஒட்டியே நகர்கிறது. அவன் அக்கா நாகுவைப் பெண்ணே அல்ல என்று பழிசொல்லிப் புருஷன் வீட்டில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெரியவர்கள் மூடிப் பேசுவது அவனுக்கு மெல்லத்தான் பிடிபடுகிறது. அவனுக்கு முன்பே நமக்குப் பிடிபட்டுவிடுவதால் பதற்றம் நம்முடையதாகிறது. 1951-இல் மலையாளத்தில் வந்த வைக்கம் முகம்மது பஷீரின் ஆனைக் கதையான 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' நாவலிலும், தாத்தாவுக்கு ஆனை இருந்ததென்ற வீட்டுப் பெருமையைக் குஞ்ஞுப்பாத்தும்மா அப்படியே நம்புகிறாள். அது வெறும் குழியானைப் பூச்சிதான் என்று கடைசியில் ஊர்ப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அவள் நம்பிக்கை வழியாகத்தான் ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி முழுசாகத் தெரிகிறது.

இதில் ஆபத்தும் உண்டு. பிள்ளையின் வாயில் எழுத்தாளர் ஏறி உட்கார்ந்துவிடுவார். அந்தத் தம்பியின் கையெழுத்துப் பிரதியில் எட்டு வயதுப் பையன், "அப்பாவின் அதிகாரம் அம்மாவை நசுக்கியது" என்கிறான். எட்டு வயதுக்கு அதிகாரம் தெரியாது. அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் அம்மா பாட்டுப் பெட்டியை அணைப்பது தெரியும். சாப்பிடும்போது அப்பா உப்பு என்று சொல்லும் முன்பே அம்மா எழுந்துவிடுவது தெரியும். அதை மட்டும் எழுதினால் போதும். ஏன் என்று பையன் கேட்கக்கூட வேண்டாம்.

எழுதத் தொடங்கும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதல் பிரதி முடிந்ததும், அந்த வயதுக்குத் தெரிந்திருக்க முடியாத வரிகளையெல்லாம் அடித்துவிடுங்கள். எவ்வளவு அழகான வரியானாலும் சரி.