புதுத்தண்ணீரில் ஏறும் மீன்கள்

ஐப்பசி மழை வலுத்து ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், உத்திரமேரூர்ப் பகுதியிலுள்ள பெருநகர் வட்டாரத்தில் மீன் ஏறத் தொடங்கும். செய்யாற்றிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஏரிக்கும், ஏரியிலிருந்து வயலுக்கும் கெண்டையும் கெளுத்தியும் வெள்ளத்தை எதிர்த்துத் துள்ளும். அவை முட்டையிடப் போகின்றன.

மழைக்கு முன்பே சினை முதிர்ந்துவிடும். ஆனால், முட்டை வெளிவர மழை வேண்டும். புதுவெள்ளம் வந்ததும் நீர் குளிர்கிறது, கலங்குகிறது, ஓட்டம் பிறக்கிறது. இந்த மாற்றங்கள் மீனின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அதன் ஹார்மோன்கள் முட்டையை வெளியேற்றுகின்றன. விலாப்புறத்தில் நீளவாக்கில் அமைந்த உணர்வுக்கோடு நீரோட்டத்தின் திசையைக் காட்டுகிறது. மேலேறுவதற்கும் காரணம் உண்டு: புதிதாக நீர் பரவிய புல்தரையில் பெரிய மீன்கள் குறைவு. குஞ்சுக்கேற்ற நுண்ணுயிர்கள் ஏராளம்.

பிட்யூட்டரி சுரப்பியின் வேலையை 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குல் நகரில் மீன்வள விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி செயலில் காட்டினார். பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றி, கெண்டையினப் பெருமீன்களை முட்டையிடவைத்தார். அவ்வினத்தைச் சேர்ந்த, வடநாட்டு ஆறுகளுக்குரிய கட்லாவும் ரோகுவும் ஓடும் வெள்ளத்தில்தான் இயல்பாக முட்டையிடும். நம் ஏரிகளில் வளர்ந்தாலும் பெருகுவதில்லை. அதனால்தான் குஞ்சுகளைப் பண்ணையிலிருந்து வாங்கி விடுகிறோம். சௌத்ரி வென்ற அந்த ஜூலை 10 இப்போது தேசிய மீன் விவசாயிகள் நாள்.

நாட்டு மீன்களுக்கு ஊசி தேவையில்லை, வழிதான் தேவை. காற்றைச் சுவாசிக்கும் விராலும் பனையேறிக் கெண்டையும் ஈரத்தரையிலும் கொஞ்ச தூரம் நகர்ந்துவிடும். தரங்கம்பாடியில் 1791-ல் பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் ஒரு பனையேறிக் கெண்டையைக் கண்டதாக டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி எழுதியிருக்கிறார். விலாங்கின் பயணமோ தலைகீழ். ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகிறது. இங்குள்ள விலாங்குக்குச் செய்யாறும் அது கலக்கும் பாலாறும்தான் கடலுக்குப் பாதை.

பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பதைக் காவிரி காட்டியது. கடலிலிருந்து ஏறிவந்த உல்லம் மீன், 1934-ல் மேட்டூர் அணை வந்தபின் அங்கே அருகிப்போனது. சிற்றூர்களிலும் அதுவே சிறிய அளவில் நடக்கிறது. செங்குத்தான தடுப்பணையை மீனால் தாண்ட முடியாது. தூர்ந்த வாய்க்காலில் வெள்ளம் போதாது. ஓடையை அடைத்துக் கொசுவலை கட்டினால் சினைமீன் மொத்தமும் ஒரே இரவில் போய்விடும். கேரளத்தில் 'ஊத்த' எனப்படும் இந்த ஏற்றத்தின்போது மீன்பிடிப்பது சட்டப்படி குற்றம்.

பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைக் காக்க 'ஏரி வாரியம்' தேர்ந்தெடுக்கப்பட்டதை உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. அந்த மண்ணில் ஏரியைத் தூர்வாரும்போது வரத்துக்கால்வாயையும் கலங்கல் ஓடையையும் சேர்த்தே தூர்வார வேண்டும். தடுப்பணையின் ஓரத்தில் கல்லடுக்கிச் சரிவு அமைத்தால் மீன் ஏறிவிடும். புதுவெள்ளத்தின் முதல் சில நாட்கள் ஓடையில் வலை கட்டாமல் விட்டாலே போதும், கோடையில் ஏரிமீன் பிடிக்கும்போது அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைக்கும்.