ஒட்டுத்துணிப் போர்வை: அளவு சரியா இருந்தா அழகு தானா வரும்



பழைய சேலை, கட் பீஸ், தையல் கடையில் மிஞ்சிய துண்டு இவற்றைச் சேர்த்துக் கையால் தைக்கிற போர்வை நமக்குப் புதிதல்ல. நம் பகுதியில் தெலுங்கு பேசும் வீடுகளில் இதை 'பொந்த' என்பார்கள். கடைக்காரர்கள் 'குயில்ட்' என்கிறார்கள். இதை விற்க வைத்தால் வருகிற முக்கியமான கேள்வி, "அக்கா, இது எங்க கட்டிலுக்குப் பத்துமா?" என்பதுதான்.

ஒரு போர்வைக்குப் பல வாரக் கைவேலை போகிறது. துணிக்கும் நூலுக்கும் குழுவில் உள்கடன் வாங்கியிருப்போம். ஆறு இன்ச் குறைந்ததால் விற்காமல் பீரோவில் தூங்கினால், வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கத்தரியை எடுப்பதற்கு முன்னால் அளவை முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் மெத்தையை அளப்போம்

கடைகளில் பெரும்பாலும் கிடைக்கிற மெத்தை அளவுகள்: ஒற்றைக் கட்டிலுக்கு 75க்கு 36 இன்ச், இரட்டைக் கட்டிலுக்கு 75க்கு 48 இன்ச், பெரிய கட்டிலுக்கு 78க்கு 60 அல்லது 78க்கு 72 இன்ச். மெத்தையின் கனம் 4 முதல் 6 இன்ச் இருக்கும். அந்தக் கனத்தை மறைத்து, இன்னும் கொஞ்சம் கீழே தொங்கினால்தான் போர்வை பார்க்க நிறைவாக இருக்கும். எனவே இரண்டு பக்கமும் 9 முதல் 12 இன்ச் கூட்டிக்கொள்வோம். கால் பக்கமும் அதேபோல 6 முதல் 12 இன்ச் கூட்டலாம்.

கண்ணுக்கு எது அழகு?

ஒரு சேலையை எடுத்துப் பாருங்கள். நீளம் 5.5 மீட்டர், அதாவது ஏறக்குறைய 216 இன்ச். அகலம் 45 இன்ச் அளவு. அதை மூன்றாக மடித்தால் 72க்கு 45 இன்ச்சில் மூன்று அடுக்குப் போர்வை ரெடி. இது 8க்கு 5 என்ற கணக்கு. கண்ணுக்கு இதமான நீள அகலம் என்று பல நாட்டுக் கைவினைக்காரர்களும் சொல்லுகிற அளவுக்கு இது மிக நெருக்கம். நம்ம பாட்டிமார் கணக்குப் போடாமலே அந்த அளவில் தைத்துவிட்டார்கள்!

இதற்காக 8க்கு 5தான் அழகு, மற்றதெல்லாம் அழகில்லை என்று நினைக்க வேண்டாம். 3க்கு 2, 4க்கு 3, 5க்கு 4 எல்லாமே நன்றாக இருக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நீளம் நீளமாகத் தெரிய வேண்டும், சதுரம் சதுரமாகத் தெரிய வேண்டும். 90க்கு 87 என்று தைத்தால் பார்ப்பவர்கள் "அளவு தப்பிப் போச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

ஒரே அட்டையில் நான்கு போர்வை

9 இன்ச் சதுரக் கட்டத்தை வைத்துக்கொண்டால் எல்லா அளவும் அதிலேயே அடங்கும்.

குழந்தைக்கு: நீளத்தில் 4, அகலத்தில் 3 கட்டம் (மொத்தம் 12). சுற்றி நாலரை இன்ச் பார்டர். முடிந்த அளவு 45க்கு 36.

ஒற்றைக் கட்டிலுக்கு: 8க்கு 5 கட்டம் (மொத்தம் 40). நாலரை இன்ச் பார்டர். முடிந்த அளவு 81க்கு 54.

இரட்டைக் கட்டிலுக்கு: 8க்கு 6 கட்டம் (மொத்தம் 48). 9 இன்ச் பார்டர். முடிந்த அளவு 90க்கு 72.

78க்கு 60 மெத்தைக்கு: 8க்கு 8 கட்டம் (மொத்தம் 64). 9 இன்ச் பார்டர். முடிந்த அளவு 90க்கு 90, சரியான சதுரம்.

பார்டர் எப்போதும் ஒரு கட்டம் அல்லது அரைக் கட்டம் அகலம் இருந்தால் உள்ளே இருப்பதோடு பொருந்தும். நடுவில் ஒரு பெரிய பூ வேண்டுமென்றால் 7க்கு 5 போல இரண்டு பக்கமும் ஒற்றைப்படையாக எடுங்கள். அப்போதுதான் நட்ட நடுவில் ஒரு கட்டம் கிடைக்கும்.

தையலுக்காக ஒவ்வொரு பக்கமும் கால் இன்ச் விட்டு, கட்டத்தை ஒன்பதரை இன்ச்சாக வெட்ட வேண்டும். கெட்டியான அட்டையில் ஒரே ஒரு சதுரம் வெட்டி, அதை வைத்தே குழுவில் எல்லோரும் வரைய வேண்டும். ஆளுக்கொரு டேப் வைத்து அளந்தால் கட்டத்துக்குக் கால் இன்ச் மாறினாலும் எட்டுக் கட்டத்தில் இரண்டு இன்ச் மாறிவிடும். பிறகு வரிசைகள் ஒன்றோடொன்று சேராது.

சுருக்கத்தை மறக்கக் கூடாது

புதுப் பருத்தித் துணி முதல் சலவையில் 100க்கு 3 முதல் 5 வரை சுருங்கலாம். 90 இன்ச் போர்வையில் அது 3, 4 இன்ச் ஆகிவிடும். எனவே புதுத் துணியை முதலில் நனைத்துக் காயவையுங்கள். சாயம் போகிறதா என்றும் அப்போதே தெரிந்துவிடும். பல தடவை துவைத்த பழைய சேலையில் இந்தப் பயம் இல்லை. ஓட்டத் தையல் போடும்போதும் துணி கொஞ்சம் உள்ளே இழுக்கும். அதனால் நடு அடுக்கையும் அடித்துணியையும் நான்கு பக்கமும் 2 இன்ச் கூடுதலாக வெட்டி, கடைசியில் சரிசெய்யுங்கள். நம்ம கடலோரப் புழுக்கத்துக்குப் பஞ்சு தேவையில்லை. மூன்று அடுக்குச் சேலையே போதும்.

மற்ற ஊர்ப் பெண்கள்

கர்நாடகாவில் உத்தர கன்னட மாவட்டத்து சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி' போர்வையில், ஓரத்தில் தையலைத் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைத்தால்தான் போர்வை முடிந்ததாக அர்த்தம்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக் கறுப்பினப் பெண்கள் 1966ல் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். பெரிய கடைகள் ஆர்டர் கொடுத்தபோது எல்லாப் போர்வையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று கேட்டன. அந்தப் பகுதியில் உள்ள ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் தங்கள் வீட்டுக்காக மனம்போல் தைத்த போர்வைகள் 2002ல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006ல் தபால்தலையாகவும் வந்தன. ஆர்டருக்கு அளவு, வீட்டுக்கு நம் இஷ்டம். இரண்டுக்கும் இடம் உண்டு.

கட்டத்தின் அழகு நமக்கும் சொந்தம்தான். நம் பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613ல் கோட்டை கட்டியது துணி வியாபாரத்துக்காக. இங்கிருந்து போன கட்டம் போட்ட கைக்குட்டைக்கு ஆங்கில அகராதியில் இன்றும் 'புலிகாட்' என்றே பெயர்.

ஆகவே உறுப்பினர்களே, அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒரு கெட்டி அட்டையும் ஒரு பழைய சேலையும் கொண்டு வாருங்கள். குழந்தைப் போர்வைக்கு 12 கட்டம்தான். ஆளுக்கொரு கட்டம் தைத்தாலே ஒரு போர்வை ஆகிவிடும். அதைத் துவைத்து, காயவைத்து, மறுபடி அளந்து பார்த்த பிறகு பெரிய அளவுக்குப் போவோம். விற்பனைக்கு வைக்கும்போது நீள அகலத்தை ஒரு சீட்டில் எழுதிப் போர்வையோடு தைத்துவிடுங்கள். "கட்டிலுக்குப் பத்துமா?" என்ற கேள்விக்கு அந்தச் சீட்டே பதில் சொல்லும்.