எருவைச் சுமக்க ஒரு சின்ன ட்ரெய்லர்

வாலாஜாபாத் பக்கம் எங்க வயலுக்குத் தொழுஉரம் போவது தலைச்சுமையாகத்தான். ஆள் கிடைக்காவிட்டால் எரு குப்பைக்குழியிலேயே கிடக்கும். அப்புறம் யூரியா மூட்டைதான் சுலபமாகத் தெரியும். அதற்காகவே பவர் டில்லருக்குப் பின்னால் மாட்ட ஒரு ட்ரெய்லர் செய்தேன்.

தொட்டி 5 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரம். ஈர எரு சுமார் 350 கிலோ கொள்ளும். அச்சை நடுவிலிருந்து சற்றுப் பின்னால் வையுங்க. பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது முன்கொக்கியில் இறங்கணும். பின்பாரம் கூடினால் கொக்கி மேலே தூக்கும், வண்டி ஆடும்.

எருவின் ஈரமும் மாட்டுச் சிறுநீரின் உப்பும் இரும்பை அரிக்கும். அதனால் பெயின்ட் அழகுக்கு அல்ல, ஆயுளுக்கு. தண்ணீர் வடிய மூலைகளில் முதலிலேயே துளை போட்டுடுங்க. வெல்டிங் கசடைத் தட்டி, உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, தின்னரால் துடைங்க. ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, எனாமல் இரண்டு பூச்சு; ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அடிப்பாகத்தை விட்டுடாதீங்க, துரு அங்கேதான் பிடிக்கும்.

ஒன்று கவனிங்க: 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் மோட்டார் வாகனமே. பதிவு செய்யாமல் பொதுச்சாலையில் ஓட்டக்கூடாது. என்னுடையது நிலத்துக்குள் மட்டும்தான் ஓடுது.