பெயர்த்து நட்ட உழவர் வீடு

ஆரம்பாக்கத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் இன்னும் வயல் உண்டு. கும்மிடிப்பூண்டியை நெருங்க நெருங்க சிப்காட் மதில்களும் லாரி வரிசையும்தான். ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போட்டால், வடமாநிலத் தொழிலாளர்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விடலாம். இடிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓடு மாற்றக் கூப்பிட்டால் ஆள் கிடைப்பதே பெரிய பாடு.

அப்படிப்பட்ட வீடுகளை நிதானமாகப் பார்க்க, சென்னையைத் தாண்டி முட்டுக்காடு போக வேண்டும். அங்கேதான் தட்சிணசித்ரா அருங்காட்சியகம். டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் இதை நடத்துகிறது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திட்டம் வரைந்தார். பென்னி குரியகோஸ் தொடர்ந்தார். 1996 டிசம்பரில் திறந்தார்கள். 10 ஏக்கரில் 18 வீடுகள். பல, சொந்த ஊரில் இடிபட இருந்தவை. தூண், உத்தரம், கதவு என்று பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கோத்திருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வீட்டுத் தூண்களில் சொக்கி நிற்கும் கூட்டம், தஞ்சாவூர் உழவர் வீட்டைச் சட்டென்று கடந்துவிடுகிறது. எனக்கு அந்த மாதிரி வீடுதான் பெரிது. உழவர் வீட்டில் எல்லாமே நெல்லுக்காகத்தான். நெல் சேமிக்கும் குதிரில் மேலிருந்து கொட்டுவார்கள். அடியில் கையளவு ஓட்டை, அதை அடைத்து மெழுகியிருப்பார்கள். வேண்டும்போது திறந்தால் பழைய நெல் முதலில் இறங்கும். கோட்டயம் புதுப்பள்ளியில் 1850இல் கட்டிய சிரியன் கிறிஸ்தவர் வீடு ஒன்றும் இங்கே இருக்கிறது. அதில் நெல் அறைக்குத்தான் முதல் மரியாதை.

ஆந்திர எல்லையை ஒட்டி வாழும் ஆரம்பாக்கத்தார் தவறாமல் பார்க்க வேண்டியது ஆந்திரக் கடலோரத்துச் சுட்டில்லு. விசாகப்பட்டினம் பக்கத்து ஹரிபுரத்து வீட்டு மாதிரி. வட்டமான மண்சுவர், தாழ இறங்கிய கூரை. புயல் காற்று முட்டி நிற்க மூலையே கிடையாது.

வீட்டைப் பெயர்த்து வைக்கும் இந்த யோசனைக்கு முன்னோடி சுவீடன். ஆர்தர் ஹசேலியஸ் மோரா பண்ணை வீட்டைப் பிரித்து ஸ்டாக்ஹோமுக்குக் கொண்டுவந்து, 1891இல் ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். தொழிற்சாலைகள் கிராமத்தை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே நாட்டு ஆடுமாடுகளையும் சேர்த்து வளர்க்கிறார்கள். அது சரியான புத்தி. வீட்டைப் பெயர்த்துவிடலாம், நெல்லடித்த களத்தையும் ஏரிப் பாசனத்தையும் லாரியில் ஏற்ற முடியாது.

ஆகவே கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரு பண்ணை வீட்டையாவது, மாட்டுக்கொட்டகை, களத்தோடு நின்ற இடத்திலேயே காப்பாற்றலாம். ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதிக்கு இது தகுந்த செலவு. அதுவரை, உங்கள் குடும்பத்தில் அப்படியொரு வீடு பூட்டிக் கிடந்தால், இடிக்கும் முன் ஒவ்வொரு அறையையும் அளந்து படம் பிடித்து வையுங்கள். பாட்டி இருந்தால் எந்த மூலையில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.