மென்திசுக்களை அளக்கும் ஆய்வுக்கூடம்

இரும்புக் கம்பியொன்றின் வலிமையை அறிய விரும்பும் பொறியாளருக்கு வேலை எளிது. அதன் இரு முனைகளையும் பற்றி இழுப்பார். விசைக்கு நேர்விகிதத்தில் கம்பி நீளும். விட்டால் பழைய நிலைக்கு மீளும். ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கிய இவ்விதியின்படி, கம்பியின் மீள்தன்மையை ஒரே எண்ணால் சொல்லிவிடலாம். தோல், தமனி, தசைநாண், நுரையீரல் ஆகிய மென்திசுக்களோ இவ்விதிக்குக் கட்டுப்படுவதில்லை. மனித உடலின் திசுக்களை இழுத்துப் பார்த்த வெர்தைம் என்னும் அறிஞர் 1847இலேயே இதனைக் கண்டு எழுதினார். ஆயினும் அவற்றின் நடத்தைக்கு எளிதில் கையாளத்தக்க கணித வடிவம் கிடைக்க மேலும் நூற்றிருபது ஆண்டுகள் ஆயின.

அதனை வகுத்தவர் மருத்துவர் அல்லர், விமானப் பொறியாளர். 1919இல் சீனாவின் சாங்சோ நகரில் பிறந்த யுவான்-செங் ஃபங், கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1948இல் முனைவர் பட்டம் பெற்று, விமான இறக்கைகள் காற்றில் அதிர்வதைப் பற்றி அங்கேயே ஆராய்ந்து வந்தார். சீனாவிலிருந்த அன்னாரின் தாயாருக்குக் கிளாக்கோமா எனும் கண்ணழுத்த நோய் கண்டது. மகன் அந்நோய் குறித்த கட்டுரைகளைத் தேடிப் படித்துச் சீன மொழியில் பெயர்த்துத் தாயகத்துக்கு அனுப்பலானார். அந்த வாசிப்பு அவரை உடலியலின்பால் ஈர்த்தது. 1966இல் விமானவியலைத் துறந்து, சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ந்தார்.

இத்தகைய ஆய்வுக்கூடத்தின் அன்றாடம் பொறியியல் பட்டறையையும் அறுவை அரங்கையும் ஒருங்கே நினைவூட்டும். உடலிலிருந்து எடுத்த திசு உலரத் தொடங்கினால் அதன் தன்மையே மாறிவிடும். எனவே அதை உப்புக் கரைசலில் மூழ்கவைத்து, 37 பாகை செல்சியசு வெப்பத்தில் பேண வேண்டும். அதன் தடிப்பை அளப்பதே பெரும்பாடு. அளவுகோல் தொட்டால் திசு அமுங்கிவிடுகிறது. பிடிப்பானில் இறுக்கினால் நசுங்கும், தளர்த்தினால் வழுக்கும். ஆதலால் முயலின் தோலை இரு திசைகளிலும் இழுத்துப் பார்க்க முனைந்தபோது, சதுரத் துண்டின் நான்கு ஓரங்களிலும் சிறு கொக்கிகளை மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி நூலால் கட்டி இழுத்தனர். தோலின் நடுவே இட்ட குறிகள் எவ்வளவு விலகுகின்றன என்பதைத் தொடாமலே ஒளிக்கருவியால் கண்காணித்தனர்.

இவ்வளவு செய்தும் முதல் அளவீட்டைக் கணக்கில் கொள்வதில்லை. ஒரே திசுவை மீண்டும் மீண்டும் இழுத்துத் தளர்த்தினால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கோடு வருகிறது. பல சுற்றுகளுக்குப் பின்னரே அது நிலைப்படுகிறது. பொறுமையற்ற மாணவருக்கு ஏற்ற துறையன்று இது. இரும்பு தன் கடந்த காலத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறது, திசு மறப்பதில்லை.

குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை முயலிலிருந்து எடுத்து ஆராய்ந்த ஃபங், 1967இல் முடிவை வெளியிட்டார். திசுவின் விறைப்பு, அப்போது அதன்மேல் உள்ள தகைவுக்கு ஏற்ப நேர்கோட்டில் உயர்கிறது. அதாவது, நீட்சி கூடக்கூடத் தகைவு அடுக்குக்குறி வேகத்தில் ஏறுகிறது. காரணம் அமைப்பில் உள்ளது. எலாஸ்டின் இழைகள் தொடக்கத்திலேயே சுமையை ஏற்கின்றன. சுருண்டு கிடக்கும் கொல்லாஜன் இழைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்த பின்னரே முழு வலிமையும் வெளிப்படுகிறது. காதுமடலை மெல்ல இழுத்துப் பார்ப்பவர் இந்த விதியை விரலாலேயே உணரலாம்.

இதைவிட வியப்பூட்டுவது 1983ஆம் ஆண்டுச் செய்தி. தமனிச் சுவரில் தகைவு எவ்வாறு பரவியுள்ளது எனக் கணக்கிட்டபோது, உள்விளிம்பில் அது மிக உயர்ந்தும் வெளிவிளிம்பில் தாழ்ந்தும் இருப்பதாக விடை வந்தது. இயற்கை இவ்வளவு ஏற்றத்தாழ்வாக ஒரு குழாயைச் சமைத்திருக்குமா என்னும் ஐயம் எழுந்தது. பிழை கணக்கில் இல்லை, தொடக்க அனுமானத்தில் இருந்தது. இரத்த அழுத்தம் நீங்கிய தமனியில் தகைவே இராது என்றல்லவா கொண்டிருந்தனர்! தமனியிலிருந்து வளையமொன்றை அரிந்து, அதன் சுவரை ஓரிடத்தில் கத்தரித்தால் போதும். வளையம் தானே விரிந்து பிறைபோல் திறந்துகொள்கிறது. சுமையற்ற நிலையிலும் உட்புறம் அமுங்கியும் வெளிப்புறம் இழுபட்டும் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. வைஷ்ணவ், வோசூகி என்னும் ஆய்வாளர்களும் அதே ஆண்டில் தனியே இதனை அறிவித்தனர். இந்த எஞ்சிய தகைவைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, இயல்பான இரத்த அழுத்தத்தில் சுவரெங்கும் தகைவு ஏறத்தாழச் சீராகவே இருந்தது.

பின்னர், 1989இல், எலிகளின் பெருந்தமனியைக் குறுக்கி அழுத்தத்தை உயர்த்தி ஆராய்ந்தனர். வளையம் விரியும் கோணம் நாள்கள் செல்லச்செல்ல மாறியது. உயர்ந்த அழுத்தத்துக்கு ஏற்பச் சுவர் தன்னையே திருத்தி அமைத்துக்கொள்கிறது; அந்தத் திருத்தம் சுவரின் உள்ளும் புறமும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றாகக் காலிலிருந்து எடுத்துப் பொருத்தப்படும் சிரை, தமனியின் அழுத்தத்துக்கு ஆட்பட்டுத் தடிப்பதை விளங்கிக்கொள்ள இவ்வகை ஆய்வுகள் பெரிதும் உதவின.

ஃபங் 2019 டிசம்பரில், நூறு வயது கடந்து மறைந்தார். இன்று நோயாளியின் பெருந்தமனி வீக்கத்தைப் படமெடுத்து, அது எங்கே கிழியக்கூடும் என்று கணினியில் கணிக்க முயல்கின்றனர். படம் சுவரின் வடிவத்தைக் காட்டும்; அதனுள் உறைந்துள்ள தகைவைக் காட்டாது. அதை நேரே அறியக் கத்தரிக்கோல் வேண்டும். உயிருள்ளவரின் தமனியிலோ அதை வைக்க இயலாது. ஆகவே விலங்குகளிடமிருந்தும் இறந்தவர்களிடமிருந்தும் பெற்ற அளவுகளைக் கொண்டே அந்த இடைவெளியை நிரப்புகின்றனர்.