சங்கிலிக்குள் ஒரு பயணம் – 9: சாவி கடந்து போகும் இடம்

கணுக்கள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். வெளியில் இருக்கும் ஒரு வாலட்டோ இணையதளமோ அவற்றுடன் பேசுவதற்கு ஒரு லைப்ரரி வேண்டும். எத்தீரியத்தில் பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்த வெப்3.ஜேஎஸ்-இன் பராமரிப்பு 2025 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. ரிச்சர்ட் மூர் எழுதிய ஈதர்ஸ்.ஜேஎஸ் இன்றும் பரவலாகப் புழங்குகிறது.

கணுவிடம் பேசுவது பெரிய வித்தை இல்லை. ‘இந்த முகவரியில் இருப்பு எவ்வளவு?’ என்று ஒரு சிறு ஜேசன் செய்தி போகும். பதினாறடிமான எண்ணில் பதில் வரும். வம்பு அந்தப் பதிலைப் படிப்பதில்தான். எத்தீரியம் கணக்கு வைப்பது ஈதரில் அல்ல, வெய்யில். ஒரு ஈதர் என்பது ஒன்றுக்குப் பின்னால் 18 பூஜ்ஜியம் போட்ட அளவு வெய். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்களோ 9,007,199,254,740,991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் தாங்கும். ஒரு ஈதரில் நூறில் ஒரு பங்கை எட்டும் முன்பே கடைசி இலக்கங்கள் தடுமாறத் தொடங்கிவிடும். காசு விஷயத்தில் ‘ஏறக்குறைய’ செல்லுபடியாகுமா? அதனால் லைப்ரரிகள் பெரிய எண்களுக்கென்றே தனி வகையைச் சுமந்து திரிந்தன. பிறகு ஜாவாஸ்கிரிப்டிலேயே பிக்இன்ட் வந்தது. ஈதர்ஸின் 6ஆம் பதிப்பு அதற்கு மாறிக்கொண்டது.

ஆனால் லைப்ரரியின் தலையாய வேலை என்று நான் சொல்வது கையெழுத்தைத்தான். யாருக்கு, எவ்வளவு, கட்டண வரம்பு என்ன, அனுப்புபவரின் எத்தனையாவது பரிவர்த்தனை, எந்தச் சங்கிலி – எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, ரகசியச் சாவியால் கையொப்பமிட்ட பிறகே வெளியே அனுப்புகிறது. வீட்டில் உட்கார்ந்து காசோலையில் கையெழுத்துப் போட்டு, காசோலையை மட்டும் வங்கிக்கு அனுப்புவது போல. சங்கிலியின் எண்ணைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. 2016இல் எத்தீரியமும் எத்தீரியம் கிளாசிக்கும் பிரிந்தபோது, ஒன்றில் கையொப்பமிட்ட பரிவர்த்தனையை மற்றதிலும் அப்படியே ஓட்ட முடிந்தது.

சாவி நெட்வொர்க்குக்குப் போவதில்லை. லைப்ரரி வழியாகப் போகிறது. இதைத் திருடர்களும் அறிவார்கள். 2024 டிசம்பர் 2 அன்று, சோலானா என்ற வேறொரு சங்கிலியின் வெப்3.ஜேஎஸ் லைப்ரரியை (பெயர் ஒன்றுதான்; எத்தீரியத்தினுடையது அல்ல) வெளியிடும் உரிமை கொண்ட ஒரு கணக்கு யார் கையிலோ சிக்கியது. 1.95.6, 1.95.7 என்று இரண்டு பதிப்புகள், ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை நிரலர்கள் இறக்கிக்கொள்ளும் கிடங்கான என்பிஎம்மில் ஏறின. உள்ளே, சாவியைக் கண்டால் வெளியே கடத்தும் சில வரிகள். சோலானா நெட்வொர்க்குக்கு ஒரு கீறலும் விழவில்லை. அடிபட்டவை சாவியை நேரடியாகக் கையாளும் பாட்களும் சர்வர் நிரல்களும்தான். நாலு மாதம் கழித்து, 2025 ஏப்ரலில், எக்ஸ்ஆர்பி லெட்ஜர் என்ற இன்னொரு சங்கிலியின் லைப்ரரியிலும் இதே கதை. ஆயிரக்கணக்கான கணினிகள் காவல் காக்கும் சங்கிலிக்கு வாசல், ஒரே ஒரு என்பிஎம் கணக்கு!

சோலானாவின் கெட்ட பதிப்புகள் புழங்கியது சுமார் ஐந்து மணி நேரம்; 1.95.8 வந்து அதைச் சரிசெய்தது. நிரலர்கள் பலரும் தங்கள் திட்டக் கோப்பில் பதிப்பு எண்ணுக்கு முன்னால் ஒரு கூரைக் குறி (^) போட்டிருப்பார்கள். ‘முதல் எண் மாறாதவரை, இதைவிடப் புதியது வந்தால் எடுத்துக்கொள்’ என்று அதற்குப் பொருள். அந்த ஐந்து மணி நேரத்தில் புதிதாக நிறுவியவர்களுக்குத் திருட்டுப் பதிப்பு தானாகவே வந்து இறங்கியிருக்கும். லாக் கோப்பில் பழைய எண்ணைப் பூட்டி வைத்திருந்தவர்களை அது எட்டவில்லை.

(தொடரும்)